நீர்மட்டமும் நீரின் போக்கும்: பேராசிரியர் வா. செ. குழந்தைசாமியின் வாழ்வும் பணியும்

(ஓய்வுபெற்ற பொறியியல் ஆசிரியர் ஒருவரின் நினைவாக அவருடைய மாணவர்கள் ஏற்படுத்திய அறக்கட்டளையின் சார்பில் நாகர்கோவிலில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



ஆண்டுதோறும் ஒரு பொறியியல் ஆசிரியரைப் பற்றிப் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் ஏற்பாடு. இந்த ஆண்டு யாரைப் பற்றி என்று அமைப்பாளர்கள் கேட்டபோது வா. செ. குழந்தைசாமி என்றேன். "அவர் கரூர்க்காரர் அல்லவா, நம்ம பக்கத்து ஆள் யாரும் இல்லையா?" என்று ஒரு நண்பர் உரிமையோடு கேட்டார். நியாயமான கேள்விதான். ராக்கெட் உந்துவிசைத் துறையை இந்த நாட்டில் வளர்த்தெடுத்த முத்துநாயகம் இந்த மாவட்டத்துக்காரர். 2018 முதல் 2022 வரை இஸ்ரோவின் தலைவராக இருந்த சிவன் சரக்கல்விளையில் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, நாகர்கோவில் தெ. தி. இந்துக் கல்லூரி வழியாகச் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் போனவர். ஆளுக்குப் பஞ்சமில்லை.

குழந்தைசாமியைத் தேர்ந்ததற்குக் காரணம் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. மழை எப்படி ஆறாகிறது என்பதுதான் அவருடைய முதன்மையான ஆய்வு. அந்தக் கேள்வியைக் கேட்க நாஞ்சில் நாட்டைவிடப் பொருத்தமான இடம் எது? தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெறுகிற மண் இது. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு போக நெல்லும் அந்த மழையை நம்பி விளைந்தவை. மலைக்கும் கடலுக்கும் நடுவே இங்கே தூரம் குறைவு. விட்டால் மலையில் பெய்த மழை நின்று பார்க்காமல் கடலுக்குப் போய்விடும். அதை நிறுத்திவைக்கத்தான் நம் முன்னோர் ஊருக்கு ஊர் குளம் வெட்டினார்கள்.

இன்று நான் சொல்ல வந்தது ஒரே ஒரு செய்தி. ஆற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தால் மட்டும் போதாது. அது ஏறுகிறதா, இறங்குகிறதா, எந்த வேகத்தில் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று நீரியலில் நிறுவியவர் அவர். பின்னாளில் பல்கலைக்கழகத்தைப் பற்றியும் தமிழைப் பற்றியும் அவர் எழுப்பிய கேள்விகளும் இதே வகையைச் சேர்ந்தவை என்பது என் கருத்து. அதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. கரூரிலிருந்து இல்லினாய் வரை

கரூருக்குப் பக்கத்தில் வாங்கலாம்பாளையம் என்ற சிற்றூரில் 1929 ஜூலை 14 அன்று பிறந்தவர் குழந்தைசாமி. அந்தத் தலைமுறையில் கிராமத்துப் பிள்ளை பொறியியல் படிப்பதே அரிது. அவர் கட்டடப் பொறியியல் முடித்து, கரக்பூர் ஐ.ஐ.டி.யில் முதுநிலைப் பட்டம் பெற்றார். வெள்ளையர் காலத்தில் விடுதலைப் போராட்டக் கைதிகளை அடைத்து வைத்திருந்த ஹிஜ்லி முகாமில் 1951இல் தொடங்கிய நிறுவனம் அது. பிறகு ஜெர்மனியில் நீரியல் ஆய்வுப் பயிற்சி. அதன்பின் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம்.

இல்லினாயில் அப்போது வென் டெ சௌ இருந்தார். சீனாவில் பிறந்து அமெரிக்காவில் நிலைபெற்ற அறிஞர். திறந்த கால்வாய்களில் நீர் ஓடுவதைப் பற்றி 1959இல் அவர் எழுதிய நூலைக் கட்டடப் பொறியியல் மாணவர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். அவர் தொகுத்த பயன்முறை நீரியல் கையேடு 1964இல் வெளிவந்தது. அதே 1964இல்தான் குழந்தைசாமியின் முனைவர் பட்ட ஆய்வேடும் வந்தது. ஒரு வடிநிலத்தில் மண் உறிஞ்சியது போக எஞ்சும் மழைக்கும், நிலத்தின் மேல் வழிந்தோடும் நீருக்கும் உள்ள உறவு என்ன என்பது அதன் பொருள்.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். விடுதலை பெற்ற நாடு அணை மேல் அணையாகக் கட்டிக்கொண்டிருந்தது. அணை கட்டுகிறவருக்கு முதல் கவலை சிமெண்டும் கல்லும் இல்லை, வெள்ளம். நூறு ஆண்டில் ஒரு முறை வரக்கூடிய பெருமழை பெய்தால் அணைக்கு எவ்வளவு நீர் வந்து சேரும், எத்தனை மணி நேரத்தில் வரும் என்று தெரியாமல் மதகின் அகலத்தை முடிவு செய்ய முடியாது. அதில் தவறினால் என்ன ஆகும் என்பதை 1979 ஆகஸ்ட் 11 காட்டியது. குஜராத்தில் மச்சு இரண்டாம் அணைக்கு, அதன் மதகுகள் வெளியேற்றும்படி கட்டப்பட்ட அளவையெல்லாம் தாண்டிய வெள்ளம் வந்தது. அணை உடைந்தது. மோர்பி நகரம் மூழ்கி ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். மழையையும் ஓட்டத்தையும் இணைக்கும் கணக்கு வெறும் காகிதக் கணக்கில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2. ஒழுகினசேரிப் பாலத்தில் ஒரு கணக்கு

இனி அந்த ஆய்வைப் பார்ப்போம். அவையில் பொறியியல் படிக்காதவர்களும் இருக்கிறீர்கள். ஆகவே சமன்பாட்டை எழுதாமலே சொல்லப் பார்க்கிறேன்.

ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுகிற நீர் 50,000 கன மீட்டர், அதாவது 5 கோடி லிட்டர். இதில் ஒரு பகுதியை மண் குடிக்கும், ஒரு பகுதி இலையிலும் பள்ளத்திலும் தங்கும், மீதி ஓடும். ஓடுகிற நீரும் ஒரே நேரத்தில் ஆற்றுக்கு வராது. பக்கத்து வயலில் விழுந்தது முதலில் வரும், மலையடியில் விழுந்தது பிறகு வரும். ஆற்றில் ஓட்டம் மெல்ல ஏறி, உச்சம் தொட்டு, நிதானமாக இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தைக் காகிதத்தில் வரைந்தால் கிடைப்பது நீர்வரைபடம்.

1932இல் ஷெர்மன் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதற்கு எளிய வழி ஒன்றைக் கண்டார். ஓர் அங்குல மழைக்கு ஆறு எப்படி ஓடும் என்று தெரிந்துவிட்டால், இரண்டு அங்குலத்துக்கு அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். அலகு நீர்வரைபடம் என்று பெயர். உலகம் முழுவதும் அது பரவியது. கணக்கு எளிது. ஆனால் இயற்கை அப்படிப் பெருக்கல் வாய்பாட்டுக்குக் கட்டுப்படுவதில்லை. பெருமழையில் நீர் ஆழமாக ஓடும், ஆழமாக ஓடும்போது வேகமும் கூடும். இரண்டு மடங்கு மழைக்கு உச்ச வெள்ளம் இரண்டு மடங்குக்கு மேலேயும் போகலாம். அணை கட்டுகிறவருக்கு ஆபத்து அந்த "மேலே"யில்தான் இருக்கிறது.

குழந்தைசாமி பிடித்த இடம் இருப்பு. வந்ததில் போனதைக் கழித்தால் நிற்பது இருப்பு. இதை யாரும் மறுக்க முடியாது. அந்த இருப்பு எதைப் பொறுத்தது? வெளியே ஓடும் நீரின் அளவை மட்டும் பொறுத்தது என்று பழைய எளிய முறைகள் வைத்துக்கொண்டன. அது போதாது என்பதை நம் ஊரிலேயே நின்று பார்க்கலாம்.

பழையாற்றின் மேல் ஒழுகினசேரிப் பாலத்தில் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கிறது. தூணில் ஒரு குறியைத் தொடுகிறது. மாலையில் வடிந்துகொண்டிருக்கிறது, மறுபடியும் அதே குறியில் நிற்கிறது. பாலத்தடியில் ஓடும் நீர் இரண்டு வேளையும் ஏறத்தாழ ஒன்று என்றே கொள்வோம். பாலத்துக்கு மேலே, ஆற்றிலும் ஓடையிலும் வயலிலுமாக நிற்கும் நீரும் அப்போது ஒன்றுதானா? இல்லை. காலையில் மேலேயிருந்து நீர் திரண்டு வந்துகொண்டிருந்தது. மேற்புறத்து ஆறு பாலத்தடியைவிட நிறைந்து நின்றது. மாலையில் மேற்புறம் காலியாகிவிட்டது. மிச்சம் மட்டும் வடிகிறது. தூணில் உள்ள குறி இரண்டு வேளையும் ஒன்று. ஆனால் காலையில் அதைப் பார்த்தவன் வீட்டுச் சாமானை மாடிக்கு ஏற்ற வேண்டும், மாலையில் பார்த்தவன் வீட்டைக் கழுவத் தொடங்கலாம்.

ஆகவே இருப்பைக் கணக்கிட, ஓட்டத்தின் அளவோடு அது மாறும் வேகத்தையும் சேர்க்க வேண்டும். அந்த வேகமே கூடுகிறதா குறைகிறதா என்பதையும் சேர்க்க வேண்டும். உள்ளே வரும் மழையின் அளவையும் அதன் மாற்றத்தையும் சேர்க்க வேண்டும். இவற்றையெல்லாம் ஒரே சமன்பாட்டில் அடுக்கி, அதன் கெழுக்களும் மாறிலிகள் இல்லை, ஓட்டத்துக்குத் தக மாறக்கூடியவை என்று வைத்தார் குழந்தைசாமி. அதற்கு முன்பு தனித்தனியாக முளைத்திருந்த பல முறைகள் இந்தப் பொதுச் சமன்பாட்டின் தனி வகைகளாக அதற்குள் அடங்கின. சௌவும் குழந்தைசாமியும் சேர்ந்து எழுதிய "பொது நீரியல் அமைப்பு மாதிரி" என்ற கட்டுரை 1971இல் அமெரிக்கக் கட்டடப் பொறியாளர் கழகத்தின் ஆய்விதழில் வந்தது. 1988இல் சௌவின் பெயரோடு வெளிவந்து உலகமெங்கும் பாடநூலான பயன்முறை நீரியல் நூலில், அலகு நீர்வரைபடம் பற்றிய இயல் இந்த மாதிரியோடுதான் தொடங்குகிறது.

குறையையும் சொல்ல வேண்டும். இந்தச் சமன்பாட்டைப் பயன்படுத்த, மழையும் ஓட்டமும் மணிக்கு மணி துல்லியமாக அளந்த பதிவுகள் வேண்டும். அளவில் சிறு பிழை இருந்தாலும், மாறும் வேகத்தைக் கணக்கிடும்போது அது பெருகிவிடும். நம் சிற்றாறுகளில் அப்படிப்பட்ட பதிவு அரிது. இன்று கணினியில் வடிநிலத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் முறைகள் வந்துவிட்டன. ஆனாலும் அளவு, போக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை.

3. கிண்டி வகுப்பறை

இல்லினாயில் பெயர் வாங்கியவர் அங்கேயே தங்கியிருக்கலாம். பலர் தங்கினார்கள். குழந்தைசாமி கிண்டிப் பொறியியல் கல்லூரிக்குத் திரும்பி வந்தார். 1967இல் அமெரிக்காவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் நடந்த பன்னாட்டு நீரியல் கருத்தரங்கில், நேர்விகிதத்துக்குக் கட்டுப்படாத வழிந்தோட்டம் பற்றி உடன் பணியாற்றியவரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை இடம்பெற்றது. வெளிநாட்டில் எடுத்த கேள்வியை ஊருக்குக் கொண்டுவந்து, இங்கிருப்பவர்களோடு சேர்ந்து வளர்த்தார் என்பதற்கு அது சாட்சி.

பொறியியல் ஆசிரியரின் பணியை எதை வைத்து அளப்பது என்பதில் நமக்கு எப்போதும் குழப்பம் உண்டு. அவர் கட்டிய பாலத்தை யாரும் காட்ட முடியாது. பாலம் கட்டியது மாணவர். அவர் எழுதிய கட்டுரையைப் படித்தவர்கள் நாட்டில் சில நூறு பேர் இருக்கலாம். ஆனால் அவரிடம் படித்துவிட்டுப் பொதுப்பணித் துறைக்குப் போன இளம் பொறியாளர், ஒரு மதகின் அகலத்தை எழுதும் முன் "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டிருந்தால், அந்தக் கேள்வி ஆசிரியர் கொடுத்தது. இந்த அறக்கட்டளை யாருடைய நினைவாக எழுந்ததோ அவரைப் பற்றி மாணவர்கள் என்னிடம் சொன்னதும் இதேதான்: விடை சரியாக இருந்தாலும் அலகு எழுதாத தாளுக்கு மதிப்பெண் போட மாட்டாராம்.

குழந்தைசாமியின் வாழ்வில் ஒரு திருப்பமும் உண்டு. அவர் பெயர் பாடநூலில் நிற்கக் காரணமான ஆய்வு எழுபதுகளின் தொடக்கத்துக்குள் வெளிவந்துவிட்டது. அதன்பின் தொழில்நுட்பக் கல்வி இயக்குநர், மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் என்று நிர்வாகம் அவரை இழுத்துக்கொண்டது. நீரியல் ஒரு நல்ல ஆய்வாளரைப் பாதியில் இழந்ததா என்று கேட்டால், ஓரளவு ஆம் என்பேன். ஈடாகத் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது என்ன என்று பார்ப்போம்.

4. பல்கலைக்கழகம் என்ற வடிநிலம்

கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வேர் 1794இல் எட்டு மாணவர்களோடு தொடங்கிய நில அளவைப் பள்ளி. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் அளக்க ஆள் வேண்டியிருந்தது. அந்தக் கல்லூரியையும், 1944இல் பிறந்த அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியையும், 1949இல் குரோம்பேட்டையில் எழுந்த எம்.ஐ.டி.யையும், கட்டடக்கலைப் பள்ளியையும் ஒன்று சேர்த்து 1978இல் உருவானது அண்ணா பல்கலைக்கழகம். நான்குக்கும் தனித்தனி மரபு, தனித்தனிப் பெருமை. அரசாணையால் சேர்த்துவிடலாம், ஒரே பல்கலைக்கழகமாக ஓடவைப்பது வேறு வேலை. 1981 முதல் 1990 வரை, மூன்று முறை தொடர்ந்து துணைவேந்தராக இருந்து அந்த வேலையைச் செய்தவர் குழந்தைசாமி. ஒன்பது ஆண்டு ஒரே நாற்காலியில் இருந்ததால், போட்ட விதை முளைப்பதைப் பார்க்கும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது.

அந்தக் காலத்தில் பல்கலைக்கழகம் படிப்பு சொல்லித் தருவதோடு ஆய்வு செய்கிற இடமாகவும் மாறத் தொடங்கியது. படிக வளர்ச்சி மையம் 1982இல் வந்தது. தொலையுணர்வு நிறுவனமும் அதே காலத்தில் வளர்ந்தது. துணைக்கோள் படத்தை வைத்துக் காட்டையும் ஏரியையும் அளக்கும் துறை அது. தரையில் நின்று ஒரு வடிநிலத்தை முழுவதும் பார்க்க முடியாது என்பதை நீரியல்காரரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

1984இல் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. அதற்கு முன் பொறியியல் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த வரைக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திருவனந்தபுரம். 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு இணைந்தபின் கிண்டி, மதுரை, கோவை. இன்று இந்த மாவட்டத்துக்குள்ளேயே பேருந்தில் போய்வரும் தூரத்தில் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. கோணத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியே இருக்கிறது. இது பெரிய சமூக மாற்றம், மறுக்கவில்லை. ஆனால் கல்லூரிகளின் எண்ணிக்கை தூணில் உள்ள குறி மாதிரி. நான்கு ஆண்டு படித்து வெளியே வரும் பிள்ளைக்கு ஒரு மட்டக் கருவியை நிறுத்தி அளவு எடுக்கத் தெரிகிறதா, அந்தத் திறம் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்று எந்தக் கையேட்டிலும் அச்சிடுவதில்லை.

1990 முதல் 1994 வரை தில்லியில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். மிகக் கடினமான தேர்வைக் கடந்தவர்கள் மட்டும் நுழையும் நிறுவனத்தை ஒன்பது ஆண்டு நடத்திவிட்டு, கடைவேலைக்குப் போகிறவரும் வீட்டிலிருக்கிற தாயும் படிக்கக்கூடிய நிறுவனத்துக்குத் தலைவரானார். இரண்டும் எதிரெதிர் போலத் தோன்றும். அறிவு ஓரிடத்தில் தேங்கினால் ஆழம் கூடும். மடை வழியாகப் பரவினால்தான் விளைச்சல். இரண்டும் ஒரு நாட்டுக்கு வேண்டும். அரசு அவருக்கு 1992இல் பத்மஸ்ரீயும் 2002இல் பத்மபூஷணும் கொடுத்தது.

5. பழம்பெருமையும் வளர்ச்சியும்

நீரியல்காரர் தமிழுக்குள் எப்படி வந்தார் என்று சிலர் வியப்பார்கள். குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதை எழுதியவர் அவர். திருக்குறளைப் பற்றி எழுதிய "வாழும் வள்ளுவம்" என்ற நூலுக்கு 1988இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பொறியியல் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவியில் இருக்கும்போதே இலக்கியத்துக்கு அந்த விருதைப் பெற்றவர்.

நூலின் தலைப்பைக் கவனியுங்கள். வள்ளுவர் பழையவர் என்பது அவருக்குப் பொருட்டில்லை. இன்று இந்த நூலால் என்ன பயன், இன்றைய அறிவோடு அது எப்படிப் பேசுகிறது என்பதே கேள்வி. தமிழைப் பற்றியும் அவர் திரும்பத் திரும்ப வைத்த வாதம் இதுதான்: ஒரு மொழி எவ்வளவு பழையது என்பதோடு நிற்கக் கூடாது, அன்றன்றைக்குப் பிறக்கும் அறிவை ஏந்தும் ஆற்றல் அதற்கு வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். மேடையில் ஈராயிரம் ஆண்டுப் பெருமை பேசிவிட்டு, பிள்ளைக்கு அறிவியலை ஆங்கிலத்தில் மட்டும் சொல்லிக்கொடுக்கும் நமக்கு இது உறைக்க வேண்டிய வாதம். அண்ணா பல்கலைக்கழகத்தில் வளர்தமிழ் மன்றம் அமைந்ததும், அறிவியலைத் தமிழில் எழுதக் "களஞ்சியம்" இதழ் வந்ததும் இந்த எண்ணத்தின் விளைவு. இணையத்தில் தமிழ் கற்பிக்க 2001இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகத்துக்கு நிறுவனத் தலைவராகவும் அவர் இருந்தார்.

எழுத்துச் சீர்திருத்தத்தில் அவர் தனி ஆளாகவே நின்றார் என்று சொல்லலாம். பெரியார் முன்வைத்த சில எழுத்து மாற்றங்களைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. குழந்தைசாமி இன்னும் மேலே போனார். இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளில் உள்ள 72 உயிர்மெய் எழுத்துகளையும் தனித்தனி வடிவமாகக் கற்பதற்குப் பதில், நான்கு துணைக்குறிகளை வைத்தே எழுதலாம் என்றார். குழந்தையும் வெளிநாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளையும் சுலபமாகக் கற்கலாம், தட்டச்சும் எளிதாகும் என்பது அவர் காட்டிய பயன். அச்சில் இருக்கிற இலக்கியமெல்லாம் அடுத்த தலைமுறைக்கு அந்நியமாகிவிடும் என்பது எதிர்த்தவர்களின் அச்சம். சீர்திருத்தம் நடக்கவில்லை. தட்டச்சுப் பொறியில் இருந்த இடைஞ்சல் கணினி வந்ததும் தீர்ந்துபோனது. அதோடு அவர் வாதத்தின் ஒரு கால் வலுவிழந்தது என்பது என் எண்ணம். கற்கும் குழந்தையின் பக்கம் நின்று பார்த்தால் மற்றொரு கால் இன்னும் உறுதியாகவே நிற்கிறது. ஏற்கிறோமோ இல்லையோ, உணர்ச்சியை விட்டுவிட்டு எண்ணிக்கையை வைத்துப் பேசிய அந்த முறையை ஏற்கத்தான் வேண்டும்.

அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் 2010இல் தமிழ்வழியில் தொடங்கின. அவர் கண்ணெதிரே நடந்தது. 2016 டிசம்பர் 10 அன்று, 87ஆம் வயதில் அவர் மறைந்தார்.

6. நாஞ்சில் நாட்டின் இருப்பு

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், மின்சின் என்ற ஆங்கிலப் பொறியாளரின் மேற்பார்வையில், 1897இல் தொடங்கி 1906இல் கோதையாற்றின் குறுக்கே எழுந்தது பேச்சிப்பாறை அணை. மின்சினின் கல்லறை அணைக்கருகிலேயே இருக்கிறது. அணையின் கொள்ளளவு 4,350 மில்லியன் கன அடி, அதாவது 12 கோடி கன மீட்டருக்குச் சற்று மேல். ஐம்பதுகளில் பறளியாற்றில் பெருஞ்சாணி அணை வந்தது. அங்கிருந்து பாண்டியன் கால், தோவாளை சானல், அனந்தனாறு, நாஞ்சில் நாட்டுப் புத்தனாறு, பத்மநாபபுரம் புத்தனாறு என்று கால்வாய்கள் பிரிந்து குளங்களை நிரப்புகின்றன. ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டிப் பட்டணங்கால் வாய்க்காலைக் கொண்டுபோக 115 அடி உயரத்தில் மாத்தூர் தொட்டிப்பாலம் 1966இல் எழுந்தது. நாம் அதில் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம்.

மழைக்காலம் வந்தால் பேச்சிப்பாறையில் எத்தனை அடி, பெருஞ்சாணியில் எத்தனை அடி என்று செய்தித்தாள் நாள்தோறும் போடுகிறது. நல்ல வழக்கம். ஆனால் ஒரு மாவட்டத்தின் நீர் இருப்பு இரண்டு அணையில் மட்டும் இல்லை. தேரூர்க் குளத்தில் இருக்கிறது, சுசீந்திரம் குளத்தில் இருக்கிறது, பறக்கைக் குளத்தில் இருக்கிறது. சுசீந்திரம், தேரூர்ச் சதுப்புநிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வெளிநாட்டுப் பறவை வருவதால் அதற்குக் கொஞ்சம் கவனம் கிடைத்தது. பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான குளங்களில் வண்டல் எவ்வளவு ஏறியிருக்கிறது, ஆகாயத்தாமரை எவ்வளவு மூடியிருக்கிறது, மறுகால் திறந்திருக்கிறதா என்று யாரும் நாள்தோறும் போடுவதில்லை.

வயலும் ஓர் இருப்புதான். வரப்புக் கட்டிய ஒரு ஹெக்டேர் நெல்வயலில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அது 1,000 கன மீட்டர், பத்து லட்சம் லிட்டர். அந்த வயலை மண் போட்டு மேடாக்கி வீட்டுமனையாக்கும்போது அந்தப் பத்து லட்சம் லிட்டர் எங்கே போகும்? பக்கத்து வீட்டுக்குப் போகும். நம் கண்ணெதிரே பத்து பத்தாக வயல் வாழைக்கும் தென்னைக்கும் மனைக்கும் போயிருக்கிறது. 2021 நவம்பரில் இந்த மாவட்டத்தில் வெள்ளம் ஊருக்குள் புகுந்தபோது மழையைத்தான் எல்லாரும் வைதோம். 2023 டிசம்பரில் தாமிரபரணிக் கரை மூழ்கியபோதும் அப்படியே. மழை மிகுதியாகத்தான் பெய்தது, உண்மை. ஆனால் குழந்தைசாமியின் சமன்பாட்டை வைத்துப் பார்த்தால் வேறொன்றும் தெரியும்: அதே மழைக்கு அதே வடிநிலம் தரும் விடை இப்போது மாறியிருக்கிறது. நிறுத்திவைக்கும் இடம் சுருங்கினால் உச்சம் உயரும், அது வந்துசேரும் நேரமும் குறையும். முப்பது ஆண்டுக்கு முந்தைய வெள்ளப் பதிவை வைத்து இன்றைக்குப் பாலத்தின் கண் அகலத்தைப் போட்டால், அந்தக் கணக்கு இல்லாத ஒரு நாஞ்சில் நாட்டுக்குப் போட்ட கணக்கு.

7. ஒரு வேண்டுகோள்

அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் பேசி, பொன்னாடை வாங்கி, தேநீர் குடித்துப் போவது வழக்கம். குழந்தைசாமியின் பெயரால் பேசிவிட்டு அப்படிப் போக மனம் வரவில்லை.

நம் குளங்களை அளக்கத் தொடங்குவோம் என்பதே என் வேண்டுகோள். குளத்தின் கொள்ளளவை அளக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். கோடையில் தண்ணீர் வற்றும்போது மட்டக் கருவியை வைத்துத் தரையின் உயரங்களை எடுக்கலாம். தண்ணீர் நிற்கும்போது ஒரு சிறு வள்ளமும் அளவு குறித்த கழியும் போதும். குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, பத்து மீட்டருக்கு ஓரிடத்தில் கழியை ஊன்றி ஆழம் குறித்துக்கொண்டு வரலாம். மாலைக்குள் ஒரு சிறு குளம் முடிந்துவிடும். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் நில அளவைப் பாடத்துக்காகக் கல்லூரி மைதானத்தையே வருஷா வருஷம் அளக்கிறார்கள். போன ஆண்டு தாளைப் பார்த்து இந்த ஆண்டு எழுதிவிடலாம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதே பாடத்தை ஏதாவது ஒரு குளத்தங்கரையில் வைத்தால் என்ன? மடையும் மறுகாலும் எங்கே என்று காட்ட ஊர்ப் பெரியவர் ஒருவர் உடன் வருவார். அவருக்குத் தெரிந்ததில் பாதி எந்த ஆவணத்திலும் இருக்காது.

ஆனால் ஒரு முறை அளந்தால் அது தூணில் உள்ள ஒற்றைக் குறி. அதே குளத்தை ஆண்டுதோறும் அதே மாதத்தில் அளந்தால்தான் இருப்பு ஏறுகிறதா இறங்குகிறதா, எந்த வேகத்தில் என்று தெரியும். அந்த அறிக்கையைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்திலும் நூலகத்திலும் வைக்க வேண்டும். அதைப் படிக்க வேண்டியவர் குளத்தடியில் வயல் வைத்திருப்பவர்.

அறக்கட்டளை நண்பர்களிடம் கேட்கிறேன். உங்கள் வைப்புநிதியின் வட்டியில் சொற்பொழிவுச் செலவு போக எஞ்சுவதை இதற்குக் கொடுங்கள். ஒரு குளத்தில் தொடங்குங்கள். அடுத்த ஆண்டு இங்கே பேச வருகிறவருக்கு முன்பாக ஒரு மாணவியோ மாணவனோ மேடையேறி, தாங்கள் அளந்த குளத்தின் கொள்ளளவை அலகோடு படிக்கட்டும். அதற்கடுத்த ஆண்டு இரண்டாவது எண்ணைப் படிக்கட்டும். இரண்டு எண் கையில் வந்துவிட்டால் பேச வேண்டியதை அவையே பேசும். என்னைப் போன்றவர்கள் நீட்டி முழக்க வேண்டியிருக்காது.